கழிவு ஆலோசகரின் குடும்பத் திட்டம்

நெருப்பைக் கண்டுபிடித்ததுதான் மனிதகுலத்தின் மாபெரும் சாதனை என்று சொல்பவர்கள், வருமானவரிப் படிவத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள். சம்பாதித்ததில் எதையெல்லாம் 'கழித்துக்கொள்ளலாம்' என்று ஒரு மகான் கண்டுபிடித்தாரே, அன்றுதான் நாகரிகம் பிறந்தது. அந்த மகானின் நேர்வாரிசு நம் ஆலோசகர்.

வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார். மேல்வரியில் 'வருமானவரிக்', கீழ்வரியில் 'கழிவு ஆலோசகர்'. மழையில் மேல்வரி உதிர்ந்துவிட்டது. எந்த வரி குறைந்தாலும் மகிழ்கிற மனிதர் என்பதால் அவர் அதைத் திரும்ப எழுதவில்லை.

விளைவாக, ஒருநாள் பின்தெருக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், ரெண்டு நாளா அடைச்சுக்கிட்டு ஒரே நாத்தம். நீங்கதான் வழி சொல்லணும்."

"ரசீது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"எதுக்கு சார்?"

"ரசீது இல்லாம எந்தக் கழிவும் வெளியே போகாது."

பின்தெருக்காரர் இன்றுவரை ரசீது தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

சொத்து விஷயத்தில் ஆலோசகரின் ஞானம் இன்னும் ஆழமானது. சம்பாதிக்கிறவன் பேரில் சொத்து இருந்தால் வரி கடிக்கும். சம்பாதிக்காதவள் பேரில் இருந்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே வீடு மனைவி பேரில். வைப்புநிதி மனைவி பேரில். ஓய்வுகாலத்துக்குச் சேர்த்த பணம் கைக்கு வந்ததும் அதுவும் அவள் பேரில். ஒவ்வொரு முறையும், "பேருக்குத்தான் உன் பேர்ல, கையெழுத்துப் போடு" என்பார். அவளும் அடுப்பைத் தணித்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து போடுவாள்.

அவளுக்கும் சில்லறை ஆசைகள் உண்டு.

"என்னங்க, சமையலறைக் கூரை ஒழுகுது."

"அதுக்குக் கழிவு உண்டா?"

"ஒழுகுறதுக்கு ஏது கழிவு?"

"அப்ப, வேலையிலிருந்து ஓய்வு வரட்டும். பாத்துக்கலாம்."

தங்கை வீட்டுக்கு ஒரு நடை போய்வருவதற்கும் இதே பதில். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிரந்தரப் பதவி பெற்றது. ஓய்வு வந்தது, கூரை ஞாபகம் மட்டும் வரவில்லை.

அதற்குப் பதிலாக வந்தவர்கள் இரண்டு மகன்கள். வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள், 'குடும்பச் செல்வ மேலாண்மை ஆலோசனைக் கூட்டம்' நடத்துவதற்காகவே ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். அப்பாவின் மடியில் உட்கார்ந்து கழிவு கற்றவர்கள், சோடை போவார்களா? பெரியவன் கூடத்துத் தொலைக்காட்சியில் படம் போட்டுக் காட்டினான். நடுவில் வீடு. அதிலிருந்து இரண்டு அம்புக்குறிகள்.

"வீட்டை வித்துடறோம். பணத்தை நாங்க ரெண்டு பேரும் சமமா முதலீடு பண்றோம்," என்றான் பெரியவன். "இப்ப ஒரு புதுச் சலுகை வந்திருக்குப்பா. நம்மளைச் சார்ந்திருக்கிற ஒருத்தரைக் கூட வச்சுக் காப்பாத்தினா கழிவு உண்டு. ஆனா ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்."

"அதனால நீங்க அண்ணன்கூட. அம்மா என்கூட," என்று முடித்தான் சின்னவன்.

ஆலோசகர் தொடையைத் தட்டினார். "சபாஷ்! ரெண்டு வீடு, ரெண்டு கழிவு! ஒரு பைசா வீணாகலை! எவன்டா இப்படி யோசிப்பான்?"

பெருமையில் தேநீரை ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் இறங்கவில்லை.

"இரு, இரு. அப்ப உங்கம்மா எங்கிட்ட இருக்க மாட்டாளா?"

"அம்மா தம்பி கணக்குலப்பா."

"என் மூக்குக்கண்ணாடி எங்கன்னு யாருடா சொல்லுவா?"

"தினமும் வீடியோவுல கேட்டுக்குங்க."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல..."

"சேத்து வச்சா ஒரு கழிவு போயிடுமேப்பா! நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"

ஆலோசகருக்குப் பகீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அவள் இல்லாத வீட்டில் விடியும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மறுத்துப் பேச ஒரு விதி, ஒரு துணைவிதி கிடைக்காதா என்று மனத்துக்குள் துழாவினார். வீடு மாதிரி, பணம் மாதிரி, மறுக்கிற உரிமையும் அவர் பேரில் இல்லை.

பெரியவன் பத்திரத்தையும் பேனாவையும் அம்மா பக்கம் நகர்த்தினான். "பேருக்கு ஒரு கையெழுத்தும்மா."

அவள் பேனாவைத் தொடவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, வீடு யார் பேர்ல இருக்கு?"

"உன் பேர்லதான். பேருக்கு..."

"பணம்?"

"அதுவும்."

"உங்க பேர்ல என்ன இருக்கு?"

ஆலோசகர் நேர்மையாக யோசித்தார். "வாசல்ல அந்தப் பலகை."

"அப்ப சொத்தும் இல்ல, சம்பளமும் இல்ல. யாரைச் சார்ந்திருக்கீங்க?"

ஆலோசகரின் விரல் தானாக அவள் பக்கம் நீண்டது.

"இவரை நானே என் கணக்குல காட்டிக்கறேன்," என்றாள் அவள். "வீடும் விக்கல, ஆளும் பிரியல. நாளைக்குக் கொத்தனார் வரார், கூரையைப் பிரிக்க. அது முடிஞ்சதும் நான் தங்கச்சி வீட்டுக்கு ஒரு வாரம். இந்த ரெண்டு செலவுக்கு மட்டும் கையெழுத்து நான் போடறேன். தேநீர் ஆறுது, குடிச்சுட்டுக் கிளம்புங்கடா."

கிளம்பினார்கள். அம்புக்குறிகளையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது. பிஸ்கட் தூளும் கசங்கிய காகிதமுமாகக் கிடந்த கூடத்தின் நடுவில், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தெய்வம்டி! என்னை விட்டுக்குடுக்கலையே! சரி, என்னை உன் கணக்குல காட்டினா உனக்கு எவ்வளவு கழிவு வரும் தெரியுமா?"

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். துடைப்பத்தோடு திரும்பி வந்து, அதை அவர் கையில் கொடுத்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க கழிச்சது எல்லாம் எங்கிட்டேருந்துதான். போதும். இனிமேயாவது கொஞ்சம் கூட்டுங்க."