அருணகிரி வீட்டு சோலார்

"அண்ணா, இதுல நாங்க எங்க நின்னு தீபம் பாக்கறது?"

தங்கை சந்திரம்மாள் இப்படிக் கேட்டபோது, வேங்கிக்கால் அருணகிரியின் மொட்டை மாடியை எட்டு சோலார் பேனல்கள் பந்திப்பாய் விரித்தாற்போல் அடைத்துக்கொண்டு கிடந்தன. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வருஷா வருஷம் ஒரு வேன் நிறைய வந்து, இந்த மாடியில் நின்றுதான் சந்திரம்மாள் குடும்பம் மலையுச்சி தீபத்தைப் பார்க்கும். அவர்கள் ஏறிய கையோடு அண்ணி சுட்ட போண்டாத் தட்டுகளும் ஏறும். இந்த வருஷம் புதுச் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். மாடி இல்லையென்றால் இனிமேல் அண்ணனும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

பேனலைக் கழற்றிவிடலாமா என்று அருணகிரி மனைவி வேதாவிடம் மெல்லக் கேட்டார். சோலார் யோசனையே வேதாவுடையது. அருணகிரி தலையாட்டியதோடு சரி. நிலக்கரி எரிந்து உலகம் சூடாகிறதே, அது உங்களுக்குத் தெரியாதா என்று வேதா ஆரம்பித்தாள். தெருமுனைக் குழாய் ஒழுகினால்கூட எட்டிப் பார்க்காதவளுக்கு உலகத்தின் மேல் இவ்வளவு கரிசனம் எப்போது வந்தது என்று தெருவே வியந்தது.

சரி, பேனலும் இருக்கட்டும், ஜனமும் நிற்கட்டும் என்று பேனல் போட்ட மாறனைக் கூப்பிட்டு, இரும்புக் கால் வைத்து உயர்த்தச் சொன்னார். உயர்ந்தது. அடியில் நின்று பார்த்தால் பேனலின் விளிம்பு சரியாக மலையுச்சியை மறைத்தது. குனிந்தால் தெரியும். சம்பந்தியைக் குனிய வைத்தா தீபம் காட்டுவது?

இன்னும் உயர்த்தினார். பின்வீட்டு ராஜம்மாள் வந்துவிட்டாள்.

"உங்க வூட்டு கரண்டுக்கு எங்க வூட்டு மலைய மறைச்சுட்டீங்களே சார்."

மலை ராஜம்மாள் வீட்டுடையது என்பது அன்றைக்குத்தான் அருணகிரிக்குத் தெரிந்தது. அவள் வீட்டுக்கும் வேலூரிலிருந்து ஆள் வருகிறதாம்.

உயரமே வேண்டாம் என்று நாலை மாடிப்படி அறையின் தலைமேலும் நாலைக் கைப்பிடிச் சுவரோரமும் பிரித்துப் போடச் சொன்னார். மேலே போனவற்றில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்து கரண்ட் பாதியாகக் குறைந்தது. கீழே இருந்தவற்றைக் குரங்குகள் சறுக்குமரமாக்கிக்கொண்டன. காலியான இடத்தில் மிச்சக் குரங்குகள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தன. வேதா மேலே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பழையபடி மாடி முழுக்கப் பரப்பிவிடுவதுதான் உலகத்துக்கு நல்லது என்று சொல்லி இறங்கிப் போனாள்.

தீபத்துக்கு முதல் நாள் மாறன் ஸ்பேனரும் கையுமாக மறுபடி வந்தான். குரங்குகளைக் கத்திக் கத்தி விரட்டியதில் அருணகிரிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"கரண்ட் கம்மியானாலும் பரவால்ல மாறா. ஜனங்க நிக்க எடம் வேணும். அத மட்டும் செஞ்சு குடு."

மாறன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"மொதல்ல வூட்டுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார். ஆர்டர் குடுத்தப்ப மேடம் கரண்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. தீபத்தன்னிக்கு மாடில ஒரு ஆள் நிக்க எடம் இருக்கக் கூடாதுனு சொல்லித்தான் அளவே எடுக்க வுட்டாங்க."