விலா சொல்லும் குறி

சிரஞ்சீவி மைத்துனர் சிவசங்கரனுக்கு, கல்லிடைக்குறிச்சியிலிருந்து அத்தான் கைலாசம் ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் உம் அக்கா கோமுவும் நலம். சென்னையில் நீரும் நலமாயிருக்க நெல்லையப்பர் அருளட்டும். நீர் வாங்கி என் கொல்லையில் கட்டிவிட்டுப் போன குதிரையைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை திருச்செந்தூர்ச் சாலைப் பந்தயத்தில் அதை ஓட விடாதீர் என்று கேட்கவே இக்கடிதம்.

சாத்தான்குளத்து வண்டிப் பந்தயத்தில் நெடுந்தூரம் ஓடித் திரும்பியது முதல் அது சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வாளியை வைத்தால், உள்ளே யாரோ இருப்பதுபோல் உற்றுப் பார்க்கிறது. விலா தானாகவே தொம், தொம் என்று துடிக்கிறது. அதே தாளத்தில் அடுக்களையில் டம்ளர் நடுங்குகிறது. வண்டியோட்டி கருத்தையா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, செருப்பைக் கழட்டுங்க. சுடலைமாடசாமி வந்திருக்காரு" என்றான். சாமி ஏறிய உடம்புக்கு உப்பு ஆகாதென்று கொள்ளில் போடும் உப்பையும் நிறுத்திவிட்டான். குதிரையின் கழுத்தில் பூமாலை விழுந்தது, குறி கேட்கக் கூட்டம் வந்தது. விலா துடித்தால் ஆம், நின்றால் இல்லை. பக்கத்துத் தெரு சுந்தர், காணாமல் போன தன் ஆடு உயிரோடிருக்கிறதா என்று கேட்டார். விலா நின்றது. சாயங்காலம் ஆட்டை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். எனக்குச் சற்று வியர்த்தது, வெயில்தான்.

கால்நடை மருத்துவர் சுகன்யாவை அழைத்தேன். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து தலையிலடித்துக்கொண்டார். "வேர்வையோட உப்பு பூரா போயிட்டு சார். ரத்தத்துல உப்பு ஏறுனாத்தான தாகம் தெரியும்? சுண்ணாம்புச் சத்தும் இறங்கிட்டு, அதான் நெஞ்சு அடிக்கையில விலாவும் சேர்ந்து குதிக்குது. இவரு என்னன்னா இருந்த உப்பையும் நிறுத்திட்டாரு! இந்த வாரம் ஓட்டுனா செத்துரும்."

"சாமிக்கு ஊசியாம்மா?" என்று கருத்தையா மறித்தான்.

"கோவம் வந்தா என்கிட்ட வரச் சொல்லுலே உன் சாமிய. பைய தள்ளி நில்லு" என்றாள் உம் அக்கா.

மருந்து இறங்கியது. குதிரை வாளி வாளியாகக் குடித்தது. விலா அடங்கியது. ஆகவே இது முற்றிலும் ரத்தத்தின் சமாசாரம், அஞ்ச ஒன்றுமில்லை. குதிரையை மட்டும் ஓட விடாதீர். ஆயுளும் ஆரோக்கியமும் உமக்குப் பெருகட்டும்.

இப்படிக்கு,
கைலாசம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் டம்ளர் மறுபடி நடுங்கியது. கொல்லைக்கு ஓடினேன். குதிரை அசையாமல் நின்று என்னையே பார்த்தது. துடிப்பது என் விலா. உப்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. கருத்தையா செருப்பைக் கழற்றிவிட்டு, "வெள்ளிக்கிழமை குதிரை ஓடலாமா சாமி?" என்றான். கூடாது என்று வாயால் சொன்னேன். விலா துடித்தது. வாயை யாரும் பொருட்படுத்தவில்லை, திருச்செந்தூருக்குக் கிளம்ப இப்போதே வண்டி பூட்டுகிறார்கள்.