முந்துசொல் முந்திரியானது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கைப்பட எழுதுவது. இங்கே உங்கள் அத்தை நலம், வாசல் குழாய் நலம், என்னைத் தவிர எல்லாம் நலம். அங்கே நலமா என்று கேட்கப்போவதில்லை. மேடையில் நீங்கள் பளபளவென்று நின்றதைப் பார்த்துவிட்டேன். செல்பேசி இருக்கும்போது ஏன் காகிதம் என்று யோசிப்பீர்கள். காரணம் கீழே வருகிறது. என் வயிற்றெரிச்சலும் அதோடு சேர்ந்தே வருகிறது.

உங்கள் கம்பெனி புதிய விசைப்பலகையை வெளியிட்ட விழாக் காணொளியை மகள் பெருமையாக அனுப்பியிருந்தாள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செல்பேசியில் ஒரு வார்த்தையைத் தட்டி முடிப்பதற்குள் 'இதானே, இதானே' என்று மேலே நாலு வார்த்தையை நீட்டுமே, அந்த வசதிக்குத் தமிழில் 'முந்துசொல்' என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஒரே கைதட்டல். தொகுத்து வழங்கிய பெண், "எப்படி சார் இப்படியொரு வார்த்தை?" என்று வியந்தார். நீங்கள் தலையைக் கோதிக்கொண்டு, "சும்மா, குளிக்கும்போது தோணுச்சு" என்றீர்கள். மாப்பிள்ளை, அது குளிக்கும்போது தோன்றியதல்ல. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொல்லி, நீங்கள் செல்பேசியைப் பார்த்தபடியே "ம்ம், நல்லாருக்கு மாமா" என்றது. அந்த 'நல்லாருக்கு'வை நம்பித்தான் வீடு திரும்பியதும் என் வலைப்பூவில் ஏற்றினேன்.

வலைப்பூவைத் திறந்து கொடுத்த புண்ணியவானும் நீங்கள்தான். அச்சகத்தில் ஊரார் பிழையெல்லாம் திருத்தி ஓய்வுபெற்றவன், வீட்டில் உங்கள் அத்தையின் பேச்சில் ஒற்றுப்பிழை பார்க்க ஆரம்பித்ததும், "மாமா, கம்ப்யூட்டர் சமாச்சாரத்துக்கெல்லாம் தமிழ்ல வார்த்தை கண்டுபிடிச்சு எழுதுங்க" என்று தள்ளிவிட்டீர்கள். நானும் விடாமல் நீந்தினேன். சார்ஜருக்கு 'உயிரூட்டி', வைஃபைக்கு 'காற்றிழை', கம்ப்யூட்டர் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டால் 'சிலைப்பு'. ஆனால் வாசகர் என்று பார்த்தால், எல்லாப் பதிவின் கீழும் 'அருமையான பதிவு, முடி கொட்டுகிறதா?' என்று எழுதும் எண்ணெய் வியாபாரி ஒருவர்தான். அவரும் வராத நாளில் எனக்கு மனசு என்னவோ போலிருக்கும்.

சரி, தேதியோடு என் பதிவு இருக்கிறதே, அதைவிடச் சாட்சி வேண்டுமா என்று உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் நிதானமாக எடுத்துப் படித்துவிட்டு, "மாமா, இதுல முந்திரின்னுதானே இருக்கு?" என்றீர்கள். பதறிப்போய்ப் பார்த்தேன். தலைப்பு, 'முந்திரி: தமிழுக்கு ஒரு புதிய கொடை'. உள்ளே, 'விரலுக்கு முன்னால் வந்து நிற்பதே முந்திரி. இனித் தமிழர் அனைவரும் முந்திரியையே பயன்படுத்த வேண்டுகிறேன்.' நீங்கள் என் செல்பேசியில் போட்டுக்கொடுத்த உங்கள் கம்பெனியின் பழைய விசைப்பலகை, நான் முந்துசொல் என்று தட்டிய இடத்திலெல்லாம் முந்திக்கொண்டு முந்திரியைப் போட்டிருக்கிறது. காலமெல்லாம் அடுத்தவன் பிழையைப் பிடித்த கண்ணுக்குத் தன் பிழை தெரியவில்லை. என் வலைப்பூவிலேயே அதிகம் பேர் படித்த பதிவு இதுதான் என்று பூரித்துப் போயிருந்தேனே! கீழே ஒருவர் 'முழுசா, உடைச்சதா?' என்று கேட்டிருந்தார். சொல்லைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்ற இலக்கணச் சந்தேகம் என்று நினைத்து, அவருக்குப் பக்கம் பக்கமாகப் பதில் வேறு எழுதியிருக்கிறேன். இப்போது புரிகிறதா ஏன் காகிதம் என்று?

மகள் போனில் அழுகிறாள். "ஒரு வார்த்தைக்காக அவர்கிட்ட மல்லுக்கு நிப்பீங்களாப்பா?" உங்கள் அத்தையோ கீரையை ஆய்ந்துகொண்டே, "போனாப் போகுது, இன்னொண்ணு செஞ்சுக்கோங்களேன்" என்கிறாள். இன்னொன்று என்ன, நாளைக்கே பத்து செய்வேன். ஆனால் நான் செய்ததில் முன்பின் தெரியாதவர்கள் வாயில் ஏறியது இது ஒன்றுதான். காணொளியில் அந்தப் பெண் அதை இரண்டு முறை சொன்னார், மாப்பிள்ளை. எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா? அந்த இடத்தில் என் பெயர் இல்லையே என்று கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு முறை துடைத்தேன்.

ஆகவே இதுதான் என் கடைசி வார்த்தை. மேடையில் சொன்னதை மேடையிலேயே திருத்துங்கள். இல்லையென்றால் முந்திரியை முந்துசொல்லாகத் திருத்தி, உங்கள் வண்டவாளம் முழுவதையும் என் வலைப்பூவில் ஏற்றிவிடுவேன். உலகம் படிக்கட்டும்.

கோபம் உங்கள் மேல் மட்டும்தான். ஆசி இரண்டு பேருக்கும் உண்டு. தீர்க்காயுசாக, சண்டை சச்சரவில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
முந்துசொல்லைப் பெற்றவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் முந்திரியைத் திருத்திவிடலாம் என்று வலைப்பூவைத் திறந்தால், என்றுமில்லாமல் கடவுச்சொல் கேட்கிறது. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று நான் உருவாக்கிய வார்த்தை ஒன்றைத்தான் வைத்தேன். எதை வைத்தேன் என்பது மறந்துவிட்டது. உயிரூட்டி இல்லை, காற்றிழை இல்லை, சிலைப்பும் இல்லை, வலைப்பூவில் ஏற்றிய வேறெதுவும் இல்லை. "உங்க வார்த்தையெல்லாம் கேட்டவங்க யாராவது இருப்பாங்கல்ல, அவங்களைக் கேளுங்க" என்கிறாள் உங்கள் அத்தை. யோசித்துப் பார்த்தேன். ஊரெல்லாம் தேடினாலும் அப்படி ஓர் ஆள்தான் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் நான் வேறு என்னென்ன சொன்னேன் மாப்பிள்ளை? ஞாபகம் இருந்தால் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள்.