பிஸ்கட் க்ரீமும் ஒரு மீசையும்

பாத்திரத்தில் இருப்பது தின்கிற க்ரீமா, சுவருக்கு அப்புகிற பட்டியா என்று லிஃப்ட் மெக்கானிக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. கரண்டி பிடிப்பாரில்லாமல் செங்குத்தாக நின்றது.

"நாலு மணிக்கு உங்க அக்கா வந்துடுவாங்க," என்றாள் மனைவி. "புது பிளேடு எடுத்து வெச்சுட்டேன்."

பந்தயம் மீசை மேல். சின்ன வயதில் தின்ற க்ரீம் பிஸ்கட்டின் நடுவில் இருக்குமே, அந்த க்ரீமை மட்டும் கிண்ணம் நிறையச் செய்து, பிஸ்கட்டால் தொட்டுத் தொட்டுத் தின்ன வேண்டும் என்று போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அந்தக் கம்பெனியை மூடி இருபது வருடம் ஆகிறது. ருசி மட்டும் அவன் நாக்கில் குடியிருந்தது.

"வாயில வெச்சதும் ஜிலுஜிலுன்னு மூக்கு வரைக்கும் ஏறும்."

"நானும் அதே பிஸ்கட்டைத் தின்னு வளந்தவதான். வெறும் வெண்ணிலா வாசனை. ஜிலுஜிலுப்பாவது குளுகுளுப்பாவது!"

"அதே ருசி வரலேன்னா மீசையை எடுத்துடறேன்!"

பதினெட்டு வயதிலிருந்து நீவி வளர்த்த மீசை. தீர்ப்பு அக்காவுடையது. அந்நாளில் அப்பா வாங்கி வரும் பாக்கெட் அவள் பொறுப்பில் இருக்கும். தம்பி பள்ளிவிட்டு வந்ததும் உள்ளே போய் இரண்டு எடுத்து வந்து, தன் கையாலேயே ஊட்டுவாள். அப்படியொரு பாசம்.

வெண்ணெய், பொடித்த சர்க்கரை, வெண்ணிலா, கொஞ்சம் பால். முதல் கிண்ணம் நன்றாகத்தான் இருந்தது, ஜிலுஜிலுப்புத்தான் இல்லை. எலுமிச்சை பிழிந்தான், திரிந்தது. சோள மாவு கொட்டினான், பட்டியானது. இளக்குவதற்கு மிக்ஸியில் போட்டவன் மூடியை அழுத்த மறந்துபோனான். எதிர்ச்சுவர்க் கடிகாரம் வெள்ளைக்குள் மறைந்தது.

"மணி என்ன ஆச்சு?"

"துடைச்சாத் தெரியும்."

கூடத்து நாற்காலியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "டேய், லிஃப்ட்டையும் இப்படித்தான் ரிப்பேர் பண்றியா? நான் மாடிப்படியிலேயே போய்க்கறேன்."

முகம் துடைக்கத் துண்டு தேடி வேலைப்பையைத் துழாவினான். தூசிக்குத் தொண்டை கமறாமல் இருக்க வைத்திருந்த மின்ட் மிட்டாய்கள் கையில் அகப்பட்டன. ஒரு கணம் யோசித்தான். ஆறேழு மிட்டாயை நுணுக்கி, மிச்சமிருந்த வெண்ணெயிலும் சர்க்கரையிலும் குழைத்து, விரலால் தொட்டு நக்கினான்.

ஜிலீர்! மூக்கு வரைக்கும் ஏறியது. ஆறு வயதும் அரை டிராயரும் திரும்பி வந்தன. கண் கலங்கிவிட்டது.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கிண்ணம் நீட்டப்பட்டது. பிஸ்கட்டைத் தோய்த்து வாயில் போட்டவளுக்குப் புரையேறியது. முகம் குங்குமமாய்ச் சிவந்தது.

"அதே ருசிதானேக்கா? சத்தியமாச் சொல்லு. மீசை விஷயம்!"

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். தம்பியின் மீசையைப் பார்த்தாள்.

"அச்சு அசல் அதேதான்டா. நீ சாப்பிட்டது இதேதான்."

"கேட்டுக்கோ!" மெக்கானிக் மீசையை இருபுறமும் முறுக்கிவிட்டுக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மனைவி பிளேடை அலமாரியில் போட்டு, "எனக்கு நாக்கே இல்ல, ஒத்துக்கறேன்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பா ஒரு பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றார். சப்புக்கொட்டினார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அப்பல்லாம் நம்ம வீட்டுல வாரத்துக்கு ஒரு டூத்பேஸ்ட் தீந்துச்சே... க்ரீமை நீ நக்கிட்டு, அந்தப் பேஸ்ட்டைத்தான் இவனுக்குத் தடவிக் குடுத்தியா?"