உன் அண்ணன் தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மை நிலவரம் அடுத்த வரியிலிருந்து வருகிறது.

முப்பத்துநாலு வருஷம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள், நாத்தனாரிடம் பேச ஒரு போன் போடக் கூடாதா, தாளும் பேனாவும் எதற்கு என்று நீ கேட்பாய். நியாயம்தான். ஆனால் இந்த வீட்டில் இப்போது போன் சும்மா இருப்பதே இல்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டு வந்தேன். எல்லாம் உன் அண்ணன் பார்த்த வேலை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

உன் அண்ணனுக்குக் காது கேட்பதில்லை. கேபிள் ஜாயிண்டர் வேலை என்றால் உனக்குத் தெரியுமே, ரோட்டோரக் குழிக்குள் இறங்கி, மேலே தண்ணீர் இறைக்கும் மோட்டார் தலைமாட்டில் அலற, தலைமுடி மாதிரிக் கம்பிகளை நூறு நூறாக முறுக்கிச் சேர்த்த மனிதர். அத்தனை வருஷச் சத்தமும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. எனக்கு இது தெரியவே ரெண்டு வருஷம் ஆனது. ஏனென்றால் காது போனதும் மனிதர் தங்கமாகிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கிழக்கு என்றால் மேற்கு என்றவர், இப்போது எது சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வயசாக ஆக மனசு பக்குவப்பட்டுவிட்டது என்று நான் பூரித்துப்போய், பக்கத்து வீட்டு டீச்சரிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன். ஒருநாள் “கேஸ் வாசனை வருது, என்னன்னு பாருங்க” என்றேன். சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அன்றைக்குத்தான் புரிந்தது, பக்குவப்பட்டது மனசு இல்லை, காது. டாக்டரிடம் போகலாம் என்றால் அது மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. “இந்த வயசுக்குக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்டவரைத்தான் ரெண்டு மாதத்துக்கு முன் ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. அச்சகத்துக்கு மேலே ஒரு அறை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு பீரோ, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, பொதுக்கூட்டம். பழைய செயலாளர் மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டார். அடுத்து யார் பொறுப்பெடுப்பது என்று தலைவர் கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் கூட்டத்தில் எல்லோருக்கும் அவரவர் செருப்பைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. உன் அண்ணன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தலைவரைப் பார்த்து அந்தத் தங்கச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார். “நீங்க பார்த்துக்கிறீங்களா?” என்று தலைவர் கேட்டார். இவர் தலையாட்டினார். பக்கத்தில் லைன்மேன், இரண்டு ஆள் உயரம் என்பதால் எல்லோரும் அவரை ஏணி என்போம், அவர் இவருடைய கையைப் பிடித்து உயரத் தூக்கிவிட்டார். கைதட்டல் முடிந்து, தீர்மானம் எழுதி, கையெழுத்தும் ஆகிவிட்டது. பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த நான் எழுந்து முன்னே வருவதற்குள் பிஸ்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அண்ணன் என்னிடம் கேட்கிறார்: “எதுக்கு எல்லாரும் எனக்குக் கைதட்டினாங்க?”

மறுநாளே பதிவேடு, ரப்பர் ஸ்டாம்ப், பீரோ சாவி, சங்கத்துப் போன், எல்லாம் வீடு வந்து சேர்ந்தன. முதல் வாரம் போனை அவரேதான் எடுத்தார். ஒரு உறுப்பினர் கூப்பிட்டு “மூட்டு மாத்தியாச்சு” என்றிருக்கிறார். இவர் காதில் விழுந்தது “வீடு மாத்தியாச்சு.” “அப்படியா, சந்தோஷம். பழசு என்ன ஆச்சு?” “தேஞ்சுபோச்சு, இனி தாங்காதுன்னுட்டாங்க.” “புதுசு வசதியா இருக்கா?” “இன்னும் பழகல.” “படி ஏறணுமோ?” “படியே கூடாதாம்.” “ரொம்ப நல்லது, நம்ம வயசுக்கு அதுதான் சரி. விலாசம் சொல்லுங்க, பதிவேட்டுல மாத்திடறேன்.” பார்க்க வரத்தான் கேட்கிறார் என்று அந்த மனிதரும் ஆஸ்பத்திரி பேரையும் வார்டையும் சொல்லியிருக்கிறார். சங்கத்து மாதப் பத்திரிகை ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாளாம். அவரே பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், தையல் பிரிந்துவிடப்போகிறதே என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த வாரம் இன்னொருவர் வீட்டிலிருந்து, “படியில தவறி விழுந்துட்டார்” என்று சேதி. இவருக்குத் “தவறிட்டார்” மட்டும் கேட்டிருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டு, மலர்வளையம் வாங்கிக்கொண்டு போய் நின்றால், கையில் மாவுக்கட்டோடு கதவைத் திறந்ததே அவர்தான். வளையத்தைப் பார்த்து, “இது யாருக்கு?” என்றாராம். உன் அண்ணன் கொஞ்சமும் அசராமல், “உங்களுக்குத்தான், சீக்கிரம் குணமாகட்டும்னு” என்று கொடுத்துவிட்டு வந்தார். அவர் அதைக் கூடத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாராம். பூ எல்லாம் உதிர்ந்த பிறகும் கழற்ற மனசு வரவில்லை, சங்கத்திலிருந்து இதுவரை யாரும் எனக்கு எதுவும் கொண்டுவந்ததில்லை என்கிறார். இதைக் கேட்டு நான் சிரிப்பதா, அழுவதா?

அன்றோடு போனை நான் பிடுங்கிக்கொண்டேன். வேறு வழி? பிடித்தது சனியன். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும். ஒருவருக்கு மருத்துவ அட்டை புதுப்பிக்க வேண்டும், ஒருவருக்குப் பெயரில் ஒரு எழுத்து தப்பு, ஒரு அம்மாவுக்குப் புருஷன் போன பிறகு எந்தத் தாளை எந்த ஜன்னலில் நீட்டுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, யார், என்ன, எந்தத் தேதி என்று எழுதி, முடிந்ததைச் சிவப்பில் அடித்து வைக்கிறேன். தந்திப் பிரிவில் இருந்த ஒரு குமாஸ்தா தினமும் சரியாகப் பத்து மணிக்குக் கூப்பிட்டு, “மீட்டிங் எத்தனை மணிக்கும்மா?” என்கிறார். மீட்டிங்கே கிடையாது. முதல் நாள் அப்படித்தான் சொன்னேன். அவர் “ஓ” என்று ஒரு மாதிரி நிறுத்தினார். தனியாக இருக்கும் மனிதர். அதிலிருந்து அஞ்சு மணி என்று சொல்லி, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வைக்கிறேன். அடுப்பில் வைத்தது கருகுகிறது. முழங்கால் நோவதைக்கூட மறந்துபோகிறேன், அந்த அளவுக்கு வேலை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அதைக் கேட்டால் நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்கே தெரியும். பதினொரு மணி இருக்கும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் மெக்கானிக்காக இருந்தவரின் மனைவி கூப்பிட்டாள். அவருக்குக் கொஞ்ச காலமாக ஞாபகம் தப்பிவருகிறது, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பாராம். காலையில் இவள் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்து போய்விட்டிருக்கிறார். மூன்று மணி நேரமாயிற்று. நான் பதிவேட்டை விரித்துவைத்துத் தெருவாரியாகக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒவ்வொருவரையும் வாசலுக்கு வந்து ரெண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி, அவரவர் அடுத்த தெருக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். அரை மணியில் அறுபது கிழங்கள் வாசலில் நின்றன. ஏணி மொட்டைமாடி ஏறிப் பார்த்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

உன் அண்ணனுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு ஜன்னல் வழியாக ஈரமாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார். பிறகு, “அவர் எங்க போவார்னு தேடாத. எங்க பழுது வரும்னு பாரு. நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு” என்றார். சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைத்தெரு வளைவில் ஒரு பழைய கேபிள் பெட்டி இருக்கிறது, மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் இறங்கும், இவர்கள் ரெண்டு பேரும் எத்தனையோ முறை சேர்ந்து சரிபார்த்த பெட்டி. இப்போது அதில் ஒரு லைனும் ஓடவில்லை. இவர் போய்ப் பார்த்தால், மெக்கானிக் அதன் துருப்பிடித்த கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் செத்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாராம். வா என்றால் வரமாட்டேன் என்கிறார். வேலை முடியாமல் எப்படி வருவது என்று கோபம் வேறு.

உன் அண்ணன் அங்கிருந்து எனக்குப் போன் போட்டார். “நீ பேசு. நீ சொல்றது எனக்குக் கேக்காது, அவர் காதுல வைக்கிறேன்.” எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் வாய் மட்டும் தானாகப் பேசியது.

“டெஸ்ட் டெஸ்க் பேசறேன். சொல்லுங்க.”

மெக்கானிக் அந்தப் பக்கத்திலிருந்து, “மேடம், நாற்பத்திரெண்டு இன்னும் டெட்டா?” என்றார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை.

“இல்ல, இப்ப வந்துடுச்சு. டோன் நல்லா கேக்குது. நீங்க மூடிட்டு வரலாம்.”

“நல்லா பார்த்துச் சொல்லுங்க மேடம். வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க, பாவம்.”

“பார்த்துட்டேன். பேசியும் பார்த்துட்டேன். அவங்க உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.”

“நீங்க சொன்னா சரி” என்றார். பெட்டிக் கதவு கிரீச்சென்று சாத்துவது எனக்குக் கேட்டது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, சமர்த்தாக வீட்டுக்கு வந்துவிட்டார். லைனைச் சோதித்துச் சொல்கிற அந்த டெஸ்ட் டெஸ்க்கில் நான் ஒருநாளும் உட்கார்ந்தவள் இல்லை, அது வேறு செக்‌ஷன். பொய்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வாசலில் நிற்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு உள்ளே போகச் சொல்ல வேண்டுமே, பத்து நிமிஷம் என்னால் ஒரு நம்பரும் போட முடியவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, நல்லபடியாகத்தானே முடிந்தது என்பாய். உன் அண்ணன் திரும்பி வரும்போது பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்திருக்கிறது, இவருக்குத் தெரியவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக்தான் தோளைத் தட்டி ஓரம் கட்டச் சொன்னாராம். நினைவு இல்லாதவரை நம்பிக் காது இல்லாதவர் வண்டி ஓட்டுகிறார். இதை எங்கே போய்ச் சொல்வது? சங்க வேலை என்று இவர் தினமும் இப்படிக் கிளம்பினால் வாசலைப் பார்த்துக்கொண்டே என் உயிர் போய்விடும். எனக்கு இருப்பது ஒரே ஒரு புருஷன்.

அதனால்தான் உன்னை வேண்டிக் கேட்கிறேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, என்ன ஏது என்று கேட்காமலே தலையாட்டிவிட்டார். தெரியாமல் ஏற்ற பதவியை விட்டுக்கொடுப்பதில் கௌரவக் குறைச்சலும் இல்லை. நான் சொன்னால் சிரிப்பார். நீ ஒரே தங்கை, நீ நாலு வரி எழுதினால் மறுக்க மாட்டார். பதவியை ராஜினாமா செய்யச் சொல்லி, அப்படியே காது டாக்டரிடம் போகவும் சொல்லி உடனே எழுது. எனக்கும் இந்தப் போன் தொல்லை ஒழியும், நிம்மதியாகப் பகலில் கொஞ்சம் படுப்பேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். பெரியவளுக்குப் பரீட்சை நல்லபடியாக அமையட்டும், சின்னவனுக்குச் சாப்பாட்டில் மனசு இறங்கட்டும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும், இருந்து அடிக்கடி இங்கே வந்து போக வேண்டும். போன் அடிக்கிறது, பத்து மணி ஆகிவிட்டது போலிருக்கிறது, நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: பாப்பா, இது அண்ணன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள், உறையை ஒட்ட மறந்துவிட்டாள். படித்தது தப்புதான். அன்றைக்குத் தலைவர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கேட்டார், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கேட்டுத்தான் தலையாட்டினேன். வழியில் அவளிடம் கேட்டது சும்மா. நான் செயலாளர் ஆனால் போன் யாரிடம் போகும் என்று தெரிந்துதான் ஆனேன். உனக்குத் தெரியாது, ரிட்டையர் ஆன பிறகு அவளோடு பேச இந்த வீட்டில் நான் ஒருவன்தான், என் காது இந்த லட்சணம். ஒருநாள் மத்தியானம் நான் உள்ளே வந்தது தெரியாமல், நம் வீட்டு லேண்ட்லைனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் நம்பர் போடவில்லை. டோனை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது. ஆகவே என்னை ராஜினாமா செய்யச் சொல்லி எழுதாதே. லாரி விஷயத்தில் அவள் சொல்வது சரி, காது டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். மெஷின் வைத்துக்கொள்கிறேன், ரோட்டில் போகும்போது போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குள் மட்டும் கொஞ்ச காலம் எனக்குக் கேட்காது. அவளிடம் சொல்லிவிடாதே.