லீக் அண்ணாச்சியும் ஒழுகிய டிராக்டரும்

அந்தமானில் எந்த மூலையில் எது சொட்டினாலும் முதலில் தெரிவது லீக் அண்ணாச்சிக்குத்தான். சொந்தக்காரனுக்கே அப்புறம்தான் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், மிகைப்படுத்தவில்லை. சரி, கொஞ்சூண்டு மிகைப்படுத்துகிறேன்.

தூத்துக்குடிக்காரர். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் இன்ஜின் பார்க்கிற ஃபிட்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. ரோட்டில் போகிறவர் திடீரென்று நிற்பார், தலையைச் சாய்ப்பார், முன்பின் தெரியாத வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைவார். குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் வெளியே வருவார். ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருந்த பஞ்சாபிக்காரர் "கோன் ஹை?" என்று அலற, இவர் நிதானமாக, "சாப், ஆப்கா வாஷர் கராப் ஹை!" என்று, வாஷர் கெட்டுப்போன சேதியைச் சொன்னாராம். ஒருநாள் மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோய், தீர்த்தத் தொட்டியின் கசிவை மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தார். சாமியார் பாவம், நரகத்தைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அவருடைய ரப்பர் செருப்பில் வட்டவட்டமாக ஓட்டை இருக்கும். அவசரத்துக்கு அதிலிருந்துதான் வாஷர் வெட்டுவார்.

நான் அப்போது சௌல்தாரி கிராமத்தில் சர்க்கார் டிராக்டர் டிரைவர். உப்பங்கழி ஓரமாக எனக்குக் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. காட்டை வெட்டி, வேரைத் தோண்டி, நானும் என் பெண்டாட்டி செல்லம்மாவும் உண்டாக்கின வயல். பக்கத்து வயல் ஒரு வங்காளிக்காரருடையது; அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம் வர, 'தாதா' என்றுதான் கூப்பிடுவோம். கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஊரே சேர்ந்து ஒரு மண் கரை போட்டிருந்தோம். அந்த வருஷம், பயிர் பொதி கட்டுகிற சமயம் பார்த்து, கரை உடைந்துபோனது. கூடை கூடையாக மண் போட்டோம். ஒரு கடலேற்றம் வந்து அத்தனையையும் கரைத்துக்கொண்டு போயிற்று. அடுத்தது பௌர்ணமி. அந்தப் பெரிய ஏற்றம் உள்ளே வந்தால் உப்பு ஏறி, மண்ணே வீணாகிவிடும். செல்லம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

சர்க்கார் யார்டில் ஒரு லோடர் கிடந்தது. டிராக்டரின் முன்னால் மாட்டினால் மண்ணை அள்ளித் தூக்குகிற இரண்டு இரும்புக் கையும் ஒரு பெரிய பக்கெட்டும். வேறொரு புது டிராக்டருக்காகக் கப்பலில் வந்தது. என்னுடையதோ கிழட்டு வண்டி. பின்னால் கலப்பையைத் தூக்க மட்டும்தான் அதற்கு எண்ணெய் அழுத்தம் உண்டு. முன்பக்கம் ஒன்றும் கிடையாது.

அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"நான் படகுக்காரன் தம்பி. டிராக்டரை எல்லாம் தொடமாட்டேன்."

"அண்ணாச்சி, கரை லீக்காகுது."

அவ்வளவுதான்! ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உடைப்பைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம்மாடி! என்னா லீக்கு!"

அப்புறம் வேலை பறந்தது. பின்பக்கத்து எண்ணெயை ஒரு குழாயில் முன்னால் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு குழாயில் திரும்பி கியர் பெட்டிக்குப் போகவேண்டும். லோடர் குழாயின் திருகு மரை டிராக்டர் மரையோடு சேரவில்லை. "இதைப் பெத்தவன் ஒருத்தன், அதைப் பெத்தவன் ஒருத்தன். ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கிடுது பாரு," என்று திட்டிக்கொண்டே, ஏதோ படகிலிருந்து கழற்றி வந்த பித்தளைத் துண்டை நடுவில் வைத்து இரண்டையும் கட்டிப்போட்டார்.

"தூக்கு!" என்றார். லீவரை இழுத்தேன்.

பக்கெட் தூக்கவில்லை. தரையில் ஊன்றிக்கொண்டு டிராக்டரைத் தூக்கியது! முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். நான் சீட்டில் மல்லாந்து வானத்தைப் பார்க்கிறேன். தாதா, "அரே பாப்ரே! காடி உட் கயா!" என்று, வண்டி எழும்பிவிட்டதாகக் குதிக்கிறார். அண்ணாச்சி அடியில் படுத்துக் குழாயைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"அருமை! ஒரு சொட்டு இல்ல!"

"அண்ணாச்சி, நான் மேல இருக்கேன்!"

"இரி, இரி. ரெண்டு ஹோஸையும் மாத்திப் போட்டுட்டேன், வேற ஒண்ணுமில்ல."

மாற்றினார். தூக்கியது! ஊரே கத்தியது. மண் பாரத்தில் பின்சக்கரம் மேலே கிளம்பாமலிருக்க, பின்னால் ஒரு பலகையைக் கட்டி தாதாவோடு நாலு தடியர்கள் ஏறி நின்றார்கள். அள்ளினேன், கொட்டினேன், அள்ளினேன். உடைப்பின் வாய் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அந்தப் பித்தளை மூட்டு சொட்ட ஆரம்பித்தது.

"நிப்பாட்டு!" வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஒரு அடி நகரப்பிடாது. கழட்டி, புது வாஷர் போட்டுத்தான் மறுவேலை."

"இருட்டிடும் அண்ணாச்சி! கடல் ஏறுது!"

"லீக்கோட ஓட்டுனா என் கட்ட வேகாது!"

நான் கெஞ்சினேன், தாதா இந்தியில் கெஞ்சினார். மனுஷன் அசையவில்லை. செல்லம்மா தலையில் இருந்த மண்கூடையை இறக்கினாள்.

"அண்ணாச்சி, இந்தச் சொட்டை அடைக்கப் போறீங்களா, அந்த வாயை அடைக்கப் போறீங்களா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இன்னிக்கு நேரம் இருக்கு."

அவர் மூட்டைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னை இப்படிச் சோதிக்கியே தங்கச்சி," என்றார். "ஓட்டுலே தம்பி!"

ஒரு டின்னை மூட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, டிராக்டரோடு கூடவே நடந்தார். சொட்டு ஒவ்வொன்றுக்கும் "மாதாவே" என்றார். முதலில் "மாதாவே..." கொஞ்ச நேரத்தில் "மாதாவே, மாதாவே." கடைசியில் மூச்சு விடாமல் "மாதாவேமாதாவேமாதாவே!" நான் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், ஜெபத்தின் வேகத்திலேயே எண்ணெய் ஒழுகும் வேகம் தெரிந்தது. டின்னில் பிடித்ததைத் திரும்ப ஊற்றினோம், போதவில்லை. பக்கெட் பாதியில் நின்றது. செல்லம்மா வீட்டுக்கு ஓடித் தேங்காயெண்ணெய் டின்னைக் கொண்டுவந்தாள். அவளைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். டிராக்டர் தலைக்கு எண்ணெய் தேய்த்த பிள்ளை மாதிரி மணக்க மணக்க வேலை செய்தது.

பௌர்ணமி நிலா கிளம்பும்போது கடைசி மண்ணைக் கொட்டினேன். தண்ணீர் வந்தது. கரையைத் தொட்டது, ஏறியது, இன்னும் ஏறியது. மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. நின்றதுதான், அப்புறம் இறங்க ஆரம்பித்தது. தாதா டிராக்டரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். செல்லம்மா கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அண்ணாச்சியைத் தேடினால், ஆள் டிராக்டருக்கு அடியில்! செருப்பை வெட்டி வாஷர் போட்டுக்கொண்டிருந்தார். "இப்ப நேரம் இருக்குல்லா?" என்றார். மறுநாள் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினார். அறுப்பு முடிந்து முதல் அரிசியையும் ஒரு ஜோடிப் புதுச் செருப்பையும் செல்லம்மாதான் ஃபீனிக்ஸ் பே வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன வாரம் எங்கள் அடுக்களைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"விடுங்க," என்றாள் செல்லம்மா. "கொஞ்ச நேரம் சொட்டட்டும். சத்தம் கேட்டுட்டு வந்தாலும் வருவார்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.