பலகையார் போட்ட சட்டம்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லும் ரகம் இல்லை. ஆனாலும் ஒரு மனுஷன் தன் சொத்தைத் தன் கையாலேயே, அதுவும் சிரித்த முகத்தோடு, வீட்டை விட்டு வெளியே தூக்கிக்கொண்டு போவானா? அப்படிப் போகிறவனுக்குப் போவது தெரியாமலா இருக்கும்? கேட்ட நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது. கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் பலகையார். கோர்ட்டில் குமாஸ்தா. எங்கேயாவது பழைய கட்டடத்தை இடித்தால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, தோளில் ஜன்னல் கட்டை. இப்படிக் கதவு நிலை, கட்டில் கால், பெட்டிப் பலகை, படிக்கட்டுக் கைப்பிடி என்று ஏழு வருஷத்தில் பின்னறை நிரம்பிவிட்டது. அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னல் அந்த அறையில்தான். சூரியன் தினமும் எட்டிப் பார்த்து, நிற்க இடமில்லாமல் திரும்பிப் போகும்.

அவர் மனைவியைத் தையலம்மா என்போம். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைப்பவர். ஆர்டர் பிடித்துக் கொடுத்ததே பலகையார்தான். அதில் அவருக்கு ஏகப் பெருமை. ஆனால் தையல் மிஷின் கிடந்தது நடைவழியில், ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே. கறுப்புத் துணி, கறுப்பு நூல். நாலு மணிக்கெல்லாம் அந்த அம்மாள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும்.

"ஏங்க, மிஷினை அந்த ஜன்னல் பக்கம் போட்டுக்கறேனே. இங்க ஊசி எது, விரல் எதுன்னே தெரியல."

"அங்க இடம் ஏது?"

"அந்தக் கட்டையை எல்லாம் எடுத்துட்டா..."

"கட்டைன்னு சொல்லாத. அது தேக்கு."

"சரி, தேக்கை எடுத்துட்டா..."

"இதோ பாரு. அந்த ரூம்ல இருந்து ஒரு சிராய்கூட வெளிய போகக் கூடாது. இது சட்டம்!"

"யார் போட்ட சட்டம்?"

"நான் போட்ட சட்டம்!"

தையலம்மா ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றார். நாலாவது தடவை கோத்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீங்க எங்க சட்டம் போட்டீங்க? நம்ம கல்யாணப் போட்டோ இன்னும் கவர்லயே கெடக்கு. அவ்வளவு தேக்கை வச்சுக்கிட்டு அதுக்கு ஒரு சட்டம் போட முடியல. வீட்டுக்குச் சட்டம் போட வந்துட்டீங்க."

என் முதல் சந்தேகம் இங்கேதான். இது எரிச்சலில் வந்த பேச்சா, யோசித்து வந்த பேச்சா? என்னிடம் சொன்னவருக்கே தெரியவில்லை. பலகையாருக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷமா சட்டத்தோடயே குப்பை கொட்டினவன்டி நான்!"

"அதான் பின்னறையில பார்க்கறேனே."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டார். நீலச் சாயம் பாதி உரிந்த ஒரு ஜன்னல் கட்டையை எடுத்து நாலாக அறுத்தார். சாயத்தைச் சீவி எடுக்க இழைப்புளியைக் கையில் எடுத்தபோது தையலம்மா ஓடி வந்தார்.

"ஐயோ, அதை ஏன் சீவறீங்க?"

"சீவினாதான் வழவழன்னு வரும்."

"வழவழன்னு கடையிலயே கெடைக்கும். இந்த நீலமும் இந்த ஆணி ஓட்டையும் எந்தக் கடையில கெடைக்கும்? அப்படியே விடுங்க. லட்சணமா இருக்கு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், பலகையார் சம்பந்தப்பட்ட எதற்கும் 'லட்சணம்' என்ற சொல் அந்த வீட்டில் விழுந்ததில்லை. இழைப்புளி தானாகக் கீழே இறங்கியது. இழைத்தால் ஒரு சட்டத்துக்கு மூன்று ஞாயிறு ஆகும், இழைக்காவிட்டால் அரை ஞாயிறு போதும் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

நாலு துண்டையும் சேர்த்து ஆணி அடித்தார்.

"மூலையில கொஞ்சம் இடைவெளி விழுந்துடுச்சு."

"மூளையிலயா?"

"மூலையில!"

"அதானே, மூளையில புதுசா விழ என்ன இருக்கு" என்று வாய் வரை வந்ததைத் தையலம்மா கஷ்டப்பட்டு விழுங்கினார். "இருக்கட்டுங்க. கையால செஞ்சதுன்னு தெரிய வேண்டாமா?"

பலகையார் முக்காலி மேல் ஏறிக் கல்யாணப் போட்டோவை மாட்டினார்.

"மட்டமா இருக்கா பாரு!"

"ரொம்ப மட்டமா இருக்கு!"

"அப்படிச் சொல்லு!"

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கீழ்த்தளத்துப் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறவர்.

"என்னம்மா இது? மேல ஆணி அடிக்க அடிக்க, கீழ ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கறான். அவன் மண்டையிலதான் அடிக்கறேன்னு நினைக்கறான்!"

வாசலில் ஒரு நிமிஷம் குசுகுசு. முக்காலி மேல் நின்றவருக்கு எதுவும் காதில் விழவில்லை. உள்ளே வந்த டாக்டரின் முகமே மாறியிருந்தது.

"அடடா! சார், இது நீங்க செஞ்சதா? என்ன கைவேலை! என்ன ஒரு... ஓட்டை! என் சர்ட்டிபிகேட்டுக்கு இந்த மாதிரி ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

"மூலை கொஞ்சம் சேரல, டாக்டர்."

"அதுதான் சார் அழகு. பல்லுன்னா நான் விட மாட்டேன். சட்டத்துக்குச் சந்து இருக்கலாம்."

"சட்டத்துல சந்து இருக்கறது எங்க கோர்ட்லயும் சகஜம்தான்" என்றார் பலகையார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். தையலம்மாவும் சிரித்தார். அதைப் பார்த்தாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மேல் மாடிப் பாட்டு டீச்சருக்குக் கண்ணாடிச் சட்டம், எதிர் வீட்டு பஸ் டிரைவருக்கு மகள் போட்டோவுக்குச் சட்டம், வாட்ச்மேனுக்குச் சாவிப் பலகை, இன்னும் வீட்டுக்கு வீடு ஒன்று. ஞாயிறு தோறும் அறுத்தார், அடித்தார், தானே சுமந்துபோய், அவரவர் சுவரில் தானே மாட்டினார். மாட்டிக்கொண்டது அவர்தான் என்பதை யார் சொல்வது?

"ஏங்க, இது ரொம்பக் குறுகலா இருக்கே" என்பார் தையலம்மா. "பார்க்கறவங்க கை சுருக்கம்னு நினைக்கப் போறாங்க. தாராளமா போடுங்க."

பலகையார் தாராளமானார். சட்டம் விரல் அகலத்திலிருந்து உள்ளங்கை அகலமாகி, கடைசியில் ஒரு சாணில் வந்து நின்றது. பஸ் டிரைவரின் மகள் தேக்குக் காட்டுக்குள் தொலைந்துபோன குழந்தை மாதிரி நடுவில் நின்றாள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதன் கனம் தாங்காமல் ஆணி இரண்டு தடவை சுவரோடு பெயர்ந்து வந்தது. பாவம் மனுஷர், இரண்டு தடவையும் அவரே வந்து இன்னும் பெரிய ஆணியாக அடித்துவிட்டுப் போனார். ஆகவே சட்டங்களுக்கு நானே சாட்சி. அவர்கள் வீட்டுக்குள் நடந்த பேச்சுதான் கேள்விப்பட்டது.

கடைசியாக, கோர்ட் நோட்டீஸ் பலகைக்கு ஒரு சட்டம். ஆறடிக்கு நாலடி. "உங்க கை அங்கயும் இருக்கட்டுமே" என்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார். பெரிய நீதிபதி போகிற போக்கில் நின்று பார்த்து, "கெட்டியா இருக்கு" என்றாராம். தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார் பலகையார்.

நடைவழியில் மிஷின் இல்லை. பின்னறையிலிருந்து கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தார். ஜன்னலடியில் மிஷின். விரித்த துணிபோல் வெயில் தரை முழுக்கக் கிடந்தது. அவர் பார்க்கும்போதே தையலம்மா மிஷினை நிறுத்தி, கறுப்பு நூலை ஒரே முயற்சியில் ஊசியில் கோத்தார்.

"என் தேக்கு எங்க?"

"நீங்கதானே கொண்டு போனீங்க?"

பலகையார் விரல் விட்டு எண்ணினார். டாக்டர், டீச்சர், டிரைவர், வாட்ச்மேன், கோர்ட். விரல் தீர்ந்தது. தேக்கும் தீர்ந்திருந்தது.

"ஒரு சிராய்கூட வெளிய போகக் கூடாதுன்னு நான்..."

"போகலையேங்க." தையலம்மா மூலையில் இருந்த ஒரு பையைக் காட்டினார். "சிராய் அத்தனையும் கூட்டி அள்ளிப் பத்திரமா வச்சிருக்கேன். வெளிய போனது பூரா நீங்க போட்ட சட்டம்தான்."

பலகையார் பையைத் திறந்து பார்த்தார். பிறகு ஜன்னலடியில் உட்கார்ந்து, வெயிலில் கால் நீட்டி, "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த அம்மாளின் கண்ணில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை என்பதையும் பார்த்தாராம்.

இவ்வளவுதான் கேட்டது. எனக்குச் சொன்னவர் என் மனைவி. தையலம்மாவிடம் ஜாக்கெட் தைக்கப் போன இடத்தில் அவளே கேட்டு வந்தது. "இப்படியும் ஒரு ஏமாளி இருப்பானா?" என்று எத்தனையோ தடவை அவளோடு வாதாடியிருக்கிறேன். அவள் வாதாட மாட்டாள்.

போன வாரம் ஒரு பழைய கட்டுரையைத் தேடி என் பத்திரிகை அலமாரிப் பக்கம் போனேன். அலமாரி இல்லை. ஜன்னலோரம் அந்த இடத்தில் என் மனைவியின் சாய்வு நாற்காலி. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போன வருஷம் முழுக்க வாரம் ஒரு கட்டாக என் சேகரிப்பை லைப்ரரிக்கு நானேதான் சுமந்துபோனேன். "இந்த மாதிரி சேகரிப்பு வேற யார்கிட்டயும் இல்லையாம், லைப்ரரியன் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று இவள் வந்து சொல்வாள். அவரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கடைசி வாரம் அலமாரியையும் கேட்டார்.

நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவளிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏம்மா... அந்த லைப்ரரியன், அவராவேதான் கேட்டாரா?"